உருளைக்கிழங்கு விரதம்

1911 அக்டோபர் 23, எடின்பரோ

ஐந்தாவது வீட்டில் இடம் கிடைத்தது. முதல் நாலு வீட்டிலும் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அறை நேற்றே போய்விட்டது அவர்களுக்கு நினைவு வந்தது. ஜன்னலில் அறை உண்டு என்ற அட்டை அப்படியே தொங்குகிறது. இந்த மிஸஸ் கத்ரி, ஒரு விதவை, என் பெட்டியைப் பார்த்து, "விரிப்பு அழுக்காகும்" என்று மட்டும் சொல்லி உள்ளே விட்டாள். என் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய உபசாரம்.

மாமிசம், மீன், முட்டை கூடாது என்றேன். "பிறகு என்னதான் மிச்சம்?" என்றாள். உருளைக்கிழங்கு மிச்சம்.

அக்டோபர் 30

தினமும் குளிப்பது எந்த வியாதிக்கு என்று கேட்கிறாள். சனிக்கிழமை மட்டும் வெந்நீர். மற்ற நாள் பச்சைத் தண்ணீர், என் பொறுப்பு. குளித்தேன், பல் கிட்டிவிட்டது. திருநீறு பூசிக்கொண்டு கீழே இறங்கினால், பக்கத்து அறை வங்கிக் குமாஸ்தா நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதென்று கைக்குட்டை நீட்டுகிறான். தயவுள்ள மனுஷன். அவனை அறைய முடியாது.

டிசம்பர் 17

ஏன் இப்படிக் காய்கிறேன் என்று எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மதராஸில் வைத்தியப் படிப்பு முடித்தவன் உயர்பட்டத்துக்குச் சீமை போகிறேன் என்றதும் வீட்டில் கூட்டம் கூடியது. கடல் கடந்தவனைச் சேர்க்கவே கூடாது என்று பெருங்கடவிளைச் சித்தப்பா குதித்தார். தங்கை கல்யாணசுந்தரிக்கு நெய்யாற்றின்கரையில் சம்பந்தம் பேசி வைத்திருந்த நேரம். அப்பாதான் எல்லாரையும் அடக்கினார். தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் இருந்தவர், அடக்கத் தெரியும். "நீ நாக்கைக் கட்டிச் சுத்தமா இருந்து வந்தா பிராயச்சித்தம் செய்து சேத்துக்கிடலாம் மக்கா," என்றார்.

கட்டியிருக்கிறேன். பாறசாலைக்குத் திரும்பி, எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. பட்டம்கூட இரண்டாம்பட்சம்.

ஏடனிலிருந்து ஒன்று, இங்கிருந்து இரண்டு கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை.

1912 ஜனவரி 1

கடை அடைப்பு. ரொட்டி, கிழங்கு. தபால் இல்லை.

ஜனவரி 21

மரியாதைக்காக இன்று, கிழங்கு வெகு ருசி, எங்கள் ஊரில் இந்த மணம் வராது என்றேன். மிஸஸ் கத்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் சுடுகிற மாட்டிறைச்சியில் வடியும் கொழுப்பைச் சட்டியில் சேர்த்துவைத்து அதில்தான் பொரிக்கிறாளாம். "மாமிசம் இல்லையே, கொழுப்புதானே?"

வாந்தியெடுத்தேன். மூணு மாசம். ரெண்டாந்தரம் வேற கேட்டு வாங்கித் தின்னேனே, பாவி—

அப்பாவுக்கு எழுதவா? மறைத்துவிட்டுப் பந்தியில் உட்கார முடியுமா? முடியும் என்று ஒரு மனசு சொல்லுகிறது. அந்த மனசைக் கண்டாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 18

நம் பக்கத்துக் கப்பல்காரர்கள் லீத் துறைமுகத்தில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கொஞ்சம் அரிசி கிடைக்குமா என்று போனேன். ததேயூஸ் என்று ஒருவன், பூவாறுக் கடற்கரைக்காரன், கப்பல் அடுப்பில் கரி அள்ளிப் போடுகிறவன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாறசாலை சிவானந்தம் பிள்ளை மகன் சிவதாணு என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"நிங்க செத்துப்போனதா அல்லவா சொன்னினும்?"

யார் சொன்னது என்றேன்.

"என் பெண்டாட்டி ப்ளோரன்ஸ் பாறசாலை சந்தைக்கு மீன் கொண்டு போவா. நான் கப்பல் ஏறதுக்கு முன்ன, அக்டோபர் மொதல்லயாக்கும், உங்க வீட்டு வாசல்ல பந்தலும் ஆளுமா இருந்துதாம். ஆருக்கு அடியந்திரம்னு கேட்டிருக்கா. சீமைக்குப் போன பையனுக்குன்னு சொன்னினுமாம். நாங்க கடல்ல போயிட்டதா நினைச்சோம், பிள்ளைவாள். அவ அழவும் செய்தா."

கடலில் போகவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமம் செய்து, பதினாறாம் நாள் அடியந்திரச் சோறு போட்டுத் தலைமுழுகும் வழக்கம் எங்களிடம் உண்டு. எனக்குத் தெரியாதா என்ன? சின்ன வயதில் அப்படி ஒருவருடைய அடியந்திரத்தில் பாயசம் குடித்திருக்கிறேன். கல்யாணம் நடக்க அதைத்தான் நெய்யாற்றின்கரைச் சம்பந்தக்காரர்கள் கேட்டிருப்பார்கள். அப்பா செய்து கொடுத்திருப்பார். நான் கப்பலில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த சமயம் அது.

கிழங்குக்காக நான் அழுதபோது, செத்து மூன்று மாசம் ஆகியிருந்தது.

பிப்ரவரி 19

வகுப்புக்குப் போகவில்லை. செத்தவனுக்கு என்ன வகுப்பு?

பிப்ரவரி 25

ஞாயிறு. என் தட்டிலும் ஒரு துண்டு வைக்கச் சொன்னேன். மிஸஸ் கத்ரி பெரிய துண்டாகவே வைத்தாள். நன்றாகவே இல்லை. முழுவதும் தின்றேன்.

1913 ஜூலை 11

ஏப்ரலிலேயே தேறிவிட்டேன், பரிசோடு. செய்தி ஊர்ப் பத்திரிகையில் வந்ததாம். உடனே அப்பாவுக்குக் கடிதம் எழுதக் கை வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் எனக்குச் சர்க்கார் உத்தியோகம் நிச்சயமாம், உடனே புறப்பட வேண்டுமாம். கருமம் முடிந்தவன் திரும்பினால் மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து சேர்க்கலாமாம். தொட்டிலில் போட்டுப் பெயர் இட வேண்டுமாம், சாஸ்திரி சொல்லிவிட்டார். கல்யாணசுந்தரிக்குப் பெண் குழந்தை. அவளுக்குக் கல்யாணம் ஆனதே இதில்தான் எனக்குத் தெரிகிறது.

'நீ சுத்தமாகவே இருந்திருப்பாய் என்று நம்புகிறேன்.'

இருபத்தெட்டு வயசில் தொட்டில். உத்தரம் தாங்குமா என்று கேட்டு எழுதலாம். எழுதவில்லை.

செப்டம்பர் 7, லீத்

கப்பல்காரர்களுக்கான வைத்தியசாலையில் வைத்தியனாகச் சேர்ந்து ஒரு வாரம். தீக்காயமும் இருமலும்தான் அதிகம். அறை மாடியில், ஜன்னலைத் திறந்தால் கரிப்புகை. பழகிவிட்டது.

இன்று ததேயூஸ் கை வெந்து வந்தான். கட்டுப்போட்டேன். நாளை அவன் கப்பல் புறப்படுகிறது.

"வீட்டுக்கு எதாவது சொல்லணுமா?"

ஒன்றுமில்லை, செத்தவனை யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்றேன்.

"உங்க அப்பா கேக்காது. அம்மை கேக்கும். போன தடவை நான் ஊருல கிடந்தப்ப, நான் உங்களைக் கண்டதை அறிஞ்சு ப்ளோரன்ஸைப் பின்வாசல்ல நிறுத்திக் கேட்டுதாம், மெலிஞ்சு போனானா, எதாவது தின்னுதானாண்ணு."

கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். முதலில் கட்டியதும் சரியாகத்தான் இருந்தது.

"நல்லா திங்கான்னு சொல்லும்," என்றேன். "என்ன திங்கான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரும்."