முன் சக்கரத்துச் சத்தம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், என் முழங்கால் வலியும் இருக்கிறது, அதற்கு வாரம் இரண்டு நாள் சிகிச்சை, மற்றபடி காலம் ஓடுகிறது. நீ அப்பாவிடம் பேசி நாற்பது நாள் ஆகிறது. ஏன் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். மருமகளும் நீயும் பிரிந்துவிட்டதாகப் போனில் அப்பாவிடம் சொன்னாயாம், அதற்கு அவர் ரொம்ப நல்லதுப்பா, சந்தோஷம் என்றாராம். கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பெண் வேண்டாம் என்று அவர் குதித்த குதியை யார் மறப்பது, அதனால் நானும் அப்படியே நம்பிவிட்டேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சண்டை வரும், சண்டை போட எனக்குத் தெம்பில்லை, தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எழுதக் காரணம் நம் கார். சிரிக்காதே, முழுசாகப் படி. இரண்டு மாதமாக முன்பக்கம் இடது சக்கரத்தில் ஒரு சத்தம், வேகத்தடையில் ஏறி இறங்கினால் டொக், வளைவில் திருப்பினால் டொக், நான் உட்காருகிற பக்கம்தான், காலுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. சொன்னால் உன் பையில் இருக்கிற சாவிக்கொத்து என்பார், இல்லாவிட்டால் பின்னால் கிடக்கிற ஜாக்கி உருளுகிறது என்பார். பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், ஒரு நாள் ஜாக்கியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன், புடவையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம், அப்போதும் டொக். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எஞ்சின் இருமினாலே நோயைச் சொல்லிவிடுவார், அந்தப் பெருமையெல்லாம் உனக்கு மனப்பாடம். கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் என்ன சத்தம் சார் என்று கேட்டு வண்டியை ஆட்டிக் காட்டினார், இவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, முன்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு, மாத்திடு என்றார். அந்த மனிதர் கீழே வேறு எதையோ சந்தேகமாகப் பார்த்தார், ஆனாலும் சார் சொன்ன பிறகு வாயைத் திறக்கவில்லை, இரண்டையும் மாற்றிவிட்டார். வருகிற வழியில் முதல் வேகத்தடையிலேயே டொக். இவர் என் பக்கம் திரும்பி, பாத்தியா, சத்தம் போன இடம் தெரியல என்றார்.

வீம்புக்குச் சொல்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்த்தேன், வீம்பு பிடித்தால் அவருக்கு மூக்கு விடைக்கும், உனக்கும் அப்படித்தான். விடைக்கவில்லை, முகம் நிம்மதியாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எப்போதும் பேசுகிற குரலில், வீட்டுல பால் இல்ல, கடையில நிறுத்துங்க என்றேன். ஆமா ஆமா, வெயில் ஜாஸ்திதான் என்றார், கடை தாண்டிப் போய்விட்டது. டிவி அலறுவது, நான் முணுமுணுக்கிறேன் என்று அவர் சலித்துக்கொள்வது, யார் என்ன சொன்னாலும் ரொம்ப நல்லது என்று சிரித்துவைப்பது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, அதோடு உன் போனும் ஞாபகம் வந்தது. நான் ஓங்கி வைத்த தட்டுகூட அவருக்குக் கேட்டிருக்காது. கூடவே இருக்கிறேன், எனக்கே தெரியவில்லை பார்.

மறுநாள் நானே அவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தத்தை நான் சொல்றேன், அவர்கிட்ட கேக்காதீங்க என்றேன், நல்ல மனிதர், புரிந்துகொண்டார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார், டொக் என்றது. சார், இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார், அங்கே பால் ஜாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற மூட்டு, என் முழங்கால் மாதிரி அதுவும் தேய்ந்துபோயிருந்தது. மறுபடி நெம்பினார், அப்பாவின் விரல் துள்ளியது. இன்னொரு தடவை நெம்பச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூட்டு கழன்று ஓடுகிற வண்டியில் சக்கரம் சாய்ந்திருக்குமாம். அப்பா கையை எடுக்காமலே, எவ்வளவு நாளா உனக்குக் கேக்குது என்றார். இரண்டு மாதம் என்று விரலைக் காட்டினேன். கிரீஸ் கையோடு அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புது மூட்டு போட்டுத் திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் சத்தம் இல்லை என்று நான் கையாட்டிக்கொண்டே வந்தேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல், சின்னவன் அன்னைக்குப் போன்ல என்ன சொன்னான் என்று அவரே கேட்டார். காதருகே போய்ச் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்றார், அதையும் சொன்னேன். போனைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டார், அவன் அழுதாக்கூட எனக்குத் தெரியாதே என்றார். அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை, காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள மனசு வராமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது தப்புத்தான், இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது என் தப்பு. வியாழக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். காருக்குப் பார்த்தாயிற்று, என் காலுக்குப் பார்க்கிறோம், இனி அவர் காதுக்கு, எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது கண்ணா.

நீ தனியாக இருக்கிறாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வெளியில் வாங்கியே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அக்காவிடமாவது தினம் பேசு. மருமகள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று முடிந்தால் சொல். என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இப்போதைக்குப் போன் வேண்டாம், எழுது. கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

உன் அம்மா

தம்பி, நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்ட மாதிரி பேசிவிட்டேன். கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பி உன்னிடம் வந்திருப்பேன்.
அப்பா