அத்தாவின் ஜீரோ

செவ்வாய். விடிந்ததிலிருந்து சாரல்.

அத்தாவின் இதய ரத்தக்குழாயில் கால்சியப் படிவு ஜீரோ, போன வருஷம் பதினொன்று, இப்போது ஜீரோ, அண்ணன் வீடியோவே போட்டுவிட்டார்!

சி.டி. ஸ்கேனைப் படிக்க எனக்குக் கற்றுத்தந்த யூடியூப் சேனல் அண்ணன். நான் அனுப்பிய இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில். தலைப்பு: 'கரைந்த கால்சியம்'. நாலு தடவை பார்த்தேன்.

அத்தா கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். ஜீரோவுக்கு எதுக்கு என்கிறார். குரங்கணிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டத்துக்கு நடந்தே ஏறுவாராம். அம்மா பிரியாணி.

புதன். மழை வெறித்துவிட்டது.

ரிப்போர்ட் இரண்டையும் சும்மா விரித்தேன். அடியில் பொடி எழுத்து. போன வருஷம் பழைய கணக்குமுறையில் உருவாக்கிய படம். இந்த வருஷம் ஏ.ஐ. அது படத்தின் பிசிறைத் துடைக்கும். கூடவே சின்னக் கால்சியப் பொட்டும் மங்கும். வரம்புக்குக் கீழே மங்கினால் எண்ணிக்கையில் வராது.

அத்தாவுக்கு மூத்தவர், பெரியத்தா, இறந்ததும் நெஞ்சுவலியில்தான்.

அண்ணனைக் கேட்டேன். வாய்ஸில் பதில்: "தெரியும்மா. அதச் சொன்னா வீடியோவ யாரு பாப்பாங்க?"

தெரியும். தெரிந்தே.

வீடியோவுக்குக் கீழே இதை எழுதிக் கமெண்ட் போட்டேன். சாயங்காலம் அதைக் காணோம்.

வியாழன். மறுபடி சாரல்.

மதுரை ஸ்கேன் சென்டருக்கு போன். மூல டேட்டா இன்னும் அழியவில்லை. மறுபடி ஸ்கேன் வேண்டாம், அதிலிருந்தே பழைய முறையில் படம் தருகிறோம் என்றார்கள். சாயங்காலம் வந்தது. பன்னிரண்டு. அதே நெஞ்சு, அதே ஸ்கேன்.

கடையில் அத்தா ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தார். காட்டினேன். ஜீரோவே இருக்கட்டும் என்றார். வாய் முந்திக்கொண்டது.

"வாங்குறப்ப ஒரு சல்லடை, விக்கிறப்ப ஒரு சல்லடையா, அத்தா?"

போடியில் வியாபாரியைத் திருடன் என்பது இப்படித்தான். அவர் கை நின்றது.

வெள்ளி. வெயில்.

டாக்டரும் மாத்திரை தொடரணும் என்றுவிட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா தோட்டத்துக்கு ஜீப்பில்தான் கிளம்பினார். ஏறும்போது கையை நீட்டினார். "கொண்டா." மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடியோ இன்னும் இருக்கிறது. கீழே யாரோ: 'எங்கப்பாவும் இன்னைக்கு மாத்திரைய விட்டுட்டார்ணே.' அண்ணன் அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார்.

அண்ணனின் ரசிகர் குரூப்புக்கு நான் எழுதியது: மக்களே, ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுங்க. படம் உருவாக்கின முறை ஒண்ணுதானான்னு பாருங்க. டாக்டரக் கேக்காம மாத்திரைய விடாதீங்க. அந்தக் கமெண்ட் போட்டவர யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, வெரசா.