தோள்பட்டை வலித்தால் சொல்

எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்ட சிவகாமி அக்காவுக்கு,

பயமாக இருக்கிறது அக்கா. வேறு யாரிடம் சொல்வேன்? உன் உயிரைக் கொண்டுபோன அதே மருத்துவச்சி, வெள்ளிக்கிழமை எனக்கு மருந்து வைக்க வருகிறாள். பிள்ளை தங்கட்டும் என்று உன் வயிற்றுக்குள் அவள் வைத்த பச்சிலை உருண்டையும், பின்னாலேயே வந்த குளிர்காய்ச்சலும், உன் பல் கிடுகிடுத்த சத்தமும் எனக்கு மறக்கவில்லை.

நீ போனதும் உன் இடத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தை மகன், உரிமையாம். எனக்கும் தங்கவில்லை. இப்போது அத்தை என்ன சொல்கிறாள் தெரியுமா?

"இந்த வாட்டி மருந்து வச்சும் நிக்கலேன்னா, நம்ம பொன்னிக்குப் பூ வச்சிற வேண்டியதுதான். இம்புட்டு நெலத்தையும் யாரு ஆள்றது?"

நம் கடைக்குட்டி பொன்னி, அக்கா! உன் மடியில் கிடந்து வளர்ந்தவள்.

மீனாட்சிக்கு நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லி, அடுப்புக்கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சீமையில் கண்டுபிடித்த புதுப் பரிசோதனையைச் செய்கிறார். கர்ப்பப்பைக்குள் மெல்ல வாயுவைச் செலுத்தி, கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்ப்பது. ரப்பர் குழாயைக் கண்டதும் உன் நினைவு வந்து எழுந்து ஓடப் பார்த்தேன். நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும், "எந்திரிச்சு உக்காரும்மா. தோள்பட்டை வலிச்சாச் சொல்லு" என்றார் டாக்டரம்மா.

கர்ப்பப்பை எங்கே, தோள் எங்கே? ஆனால் சுருக்கென்று வலித்தது. செத்தேன் என்று அழுதால், அவர் சிரிக்கிறார்.

"வலிக்குதுன்னா வாயு குழாயத் தாண்டி மேல ஏறிருச்சு. அடைப்பு இல்ல. அடுத்து உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா."

"அவருக்கு என்னங்கம்மா? ஒத்தை ஆளா மாடு பூட்டிக் கமலையில தண்ணி இறைக்கிறாரு."

"கமலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவரோட விந்தைப் பூதக்கண்ணாடியில பாத்தாத்தான் தெரியும்."

குறை அவரிடம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் அதுகூட யாருக்கும் தோன்றவில்லையே! உனக்கும் எனக்கும் ஒரே வயிற்றுக் குறை என்று முடிவுகட்டிவிட்டு, மூன்றாவது பெண்ணைக் கேட்கிறார்கள். உன்னிடம் குறையே இல்லையோ? வீணாகவா செத்தாய் அக்கா?

இதை வீட்டில் எப்படிச் சொல்வேன்? அவர் கை ஓங்குவாரோ, அத்தை வெளியே தள்ளுவாளோ, அப்பா சேர்த்துக்கொள்வாரோ? தோள் இன்னும் வலிக்கிறது. அதைத் தடவிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

விடிந்ததும் அவரிடம் கேட்கப்போகிறேன். வந்தாலும் வராவிட்டாலும், அந்த மருத்துவச்சியைக் கிட்டே அண்ட விடமாட்டேன். அத்தை பூத்தட்டோடு கிளம்புமுன் பொன்னியிடம் போய்ச் சேர்ந்திருப்பேன். நீ எனக்கு வாரிவிட்டதுபோல் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். இந்த வீட்டுப் பூ அந்தத் தலையில் ஏறாது அக்கா.

உனக்குப் பின்னும் பொன்னிக்கு முன்னும் பிறந்த,
உன் தங்கச்சி நாச்சியார்