பேர் வெட்டாத தூக்குச்சட்டி

அக்கா,

இன்று காலையில் கதவைத் திறந்தால் உன் தூக்குச்சட்டி மறுபடியும் என் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. மூடியைத் திறந்தால் உள்ளே பாதிக்குச் சீனி, அதன்மேல் வாழையிலைத் துண்டில் சுருட்டி வைத்த கொஞ்சம் மல்லிகைப்பூ. பூவும் புளியும் எவர்சில்வரும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வரவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சலித்துவிட்டது அக்கா. நீ போன பிறகு நம் சந்து இருந்த இடத்தை இடித்துவிட்டார்கள். தாராவியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்த நம்மையெல்லாம் வடாலாப் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் இரும்புக் கதவு. எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். ஆனால் எந்த மாடியில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் என் கதவு மட்டும் தட்டப்படும். “ஆன்ட்டி, தூக்குச்சட்டி உங்ககிட்டதான இருக்கு?” என்பார்கள், ஏதோ நான் மெஸ் நடத்துகிற மாதிரி. பை தைக்கிற வேலை ஒரு பக்கம், இவருக்கு மருந்து ஒரு பக்கம், பாதி நாள் ஓடாத லிஃப்ட் ஒரு பக்கம். சட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு இன்றோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சட்டி முதன்முதலில் என்னிடம் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அனுப்பியவளே நீதானே. பட்டறை மிஷினில் கை மாட்டி, விரல் போய், இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதுசு. இந்தி வராது. சந்தில் யாரோடும் பேசிப் பழகவில்லை, கொஞ்சம் ராங்கி வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் வாசல்படியில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே குழைய விட்ட ரசஞ்சோறு, சூடு ஆறாமல். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அள்ளித் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் யார் வைத்தது என்ற யோசனையே வந்தது. சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேர் இல்லை.

நம் ஆட்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் உண்டா? சீர்ப் பாத்திரம் என்றால் கொடுத்தவர் பேர், நாமே வாங்கியது என்றால் வீட்டுக்காரர் பேர். ஒரு கரண்டியின் காம்பில்கூடப் புள்ளி புள்ளியாக எழுத்து இருக்கும். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் கலந்துபோகிற பாத்திரங்களை நாம் அப்படித்தான் பிரித்தெடுப்போம். பேர் இல்லாத சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தேன். வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் சீனி இல்லை. பக்கத்து வீடு என்று உன்னிடமே வந்து ஒரு டம்ளர் சீனி வாங்கிப்போய் அதில் கொட்டி, வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் உன்னிடமே வந்து நின்றேன்.

“இது யாரு சட்டிக்கா?”

“எனக்கென்னளா தெரியும்? யாருதோ” என்றாய், இட்லிக் கொப்பரையின் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. சிரிப்பை மறைக்கத்தான் அந்த ஆவி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்துக் குழாயடியில் குடத்தைக் கழுவியபடி மெதுவாக ஆரம்பித்தாய். “கோடி வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சக்காமாலையாம். அவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுதா. ஒங்கிட்ட ஒரு சட்டி சும்மாதான கெடக்கு? கஞ்சி வச்சுக் குடுத்தா கொறஞ்சா போவ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேர் ஏன் இல்லை என்று கேட்டேன். நீ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “பேரு இருந்தா திருப்பிக் குடுக்க வருவாளுவ. சும்மா வர மாட்டாளுவ. ஒன்னத்தான் பாத்தேன்லா, எங்கிட்டயே சீனி வாங்கி எங்கிட்டயே நீட்டுத. கஷ்டத்துல கெடக்கவளுக்கு அது வேற ஒரு பாரமா? பேரு இல்லன்னா அடுத்தால யாருக்கு வேணுமோ அங்க போவும். அது பாட்டுக்குப் போவட்டும்.”

அது பாட்டுக்குப் போயிற்று. காய்ச்சல் வீடு, பிரசவ வீடு, சாவு வீடு, வேலை போன வீடு. சாப்பிட்டவள் கழுவி வைத்திருப்பாள். அடுத்து யாருக்காவது கஷ்டம் என்று காதில் விழுந்தால் அவளே சமைத்து நிரப்பிக் கொண்டுபோவாள். இரண்டு தடவை சட்டி காணாமல் போனது. நான்தான் குதித்தேன். நீ அலட்டிக்கொள்ளாமல் பாத்திரக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினாய். “பேரு என்ன போடணும்?” என்று வெட்டுகிறவர் ஊசியை எடுத்தால், “ஒண்ணும் போடாத” என்று பிடுங்கிக்கொண்டு வருவாய்.

மச்சு வீட்டுப் பீகார்ப் பெண் ஞாபகம் இருக்கிறதா? டிபி என்று தெரிந்ததும் அவள் மாமியார் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவிட்டாள். சந்தில் ஒருத்தியும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை, நான் உட்பட. நீ போனாய். செங்குத்தான இரும்பு ஏணி, உனக்கோ முழங்கால் வலி. ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்று சட்டியின் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினாய். கீழே நின்று பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மேலே போய் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு ஒரு தட்டு, உனக்கு ஒரு தட்டு என்று போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாய்.

“பயமா இல்லியாக்கா?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காவ அவ ஒத்தையில உக்காந்து திங்கணுமா?”

நேரே குழாயடிக்குப் போய், வரிசையில் புகுந்த மராத்திக்காரியோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாய். உன் வாய்க்கு நம் சந்தே நடுங்கும். உன்னைப் புண்ணியவதி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் வருகிறது.

உனக்கும் சலித்திருக்கிறது. அதிகாலையிலேயே எழுந்து மாவாட்டி, இட்லி அவித்து, விற்றுவிட்டு வந்து, உட்காரக்கூட நேரமில்லாமல் மறுபடி அடுப்பு மூட்டுகிறாயே, சலிப்பாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். “சலிக்காம? சலிச்சா அன்னைக்கு ரசத்துல நாலு மெளகு கூடப் போட்டுருவேன். மூக்கு ஒழுவட்டும் அவளுவளுக்கு” என்றாய். உன் ரசம் காரமாக இருந்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். பாதி நாள் காரமாகத்தான் இருந்தது அக்கா.

நீ படுத்த பிறகு அந்தச் சட்டி உன் வீட்டுக்கே வந்ததே, அதுதான் எனக்கு மறக்கவே இல்லை. யார் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். நீயோ ஒரு வாய் வைத்ததுமே, “கோடி வீட்டுக்காரி, இன்னும் பெருங்காயம் போடத் தெரியல”, “இது பாய் வீட்டுக் கஞ்சி” என்று சரியாகச் சொல்லிவிடுவாய். கடைசியில் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அப்போதும், “உப்பு கூட” என்று குறை சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாய். ஏன் அழுதாய் என்று நான் கேட்கவில்லை.

உன் முதல் வருஷத் திதிக்கு உல்லாஸ்நகரிலிருந்து உன் மகள் வந்தாள். என்னிடமிருந்து சட்டியை வாங்கிக்கொண்டு போனவள், அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் உன் பெயர், அதன் கீழே ‘நினைவாக’. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டி நின்றுபோயிற்று. எங்கே அனுப்பினாலும் என்னிடமே வந்தது. கழுவி, துடைத்து, சீனியோ பழமோ போட்டு, சாமிப் பொருள் மாதிரி இரண்டு கையாலும் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி வைக்கிறவள் நான், அடுத்து நிரப்பி அனுப்புகிறவளும் நான். இந்தக் கட்டடம் வந்ததால்தான் மனுஷர்கள் மாறிவிட்டார்கள் என்று இத்தனை நாளும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று சீனியும் பூவும் வைத்துப் போனது ஏழாவது மாடிச் சின்னப் பெண். குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன், ஏன் இதை நீயே வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது கொடுக்கக் கூடாது என்று. என் குரலைக் கேட்டு அந்தப் பெண் மிரண்டுவிட்டாள்.

“அரே ஆன்ட்டி, பேர் போட்டிருக்குல்ல? எனக்குத் தமிழ் படிக்க வராது, எங்க மாமியார்தான் படிச்சுச் சொன்னாங்க. செத்தவங்க ஞாபகமா வச்சிருக்கீங்க. அத நாங்க எப்படி வச்சுக்கிறது? குழந்தைக்காக நீங்க இவ்வளவு செஞ்சீங்க, காலியா எப்படித் தர்றது?” என்றாள். பேசும்போதே கண்ணில் தண்ணீர். கைப்பிடி அளவே இருந்த குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது என்று இப்போது தெரிகிறது. செய்ய மனம்தான் வரவில்லை. பரணில் போடுவது இதைவிடச் சுலபம்.

அக்கா, இதுவரை எழுதி மூடி வைத்துச் சில நாட்கள் ஆகிவிட்டன. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

உன் மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “அம்மா பேரயா அழிக்கச் சொல்லுதிய சித்தி? அவ பேரு போட்டதுன்னு அது ஒண்ணுதான இருக்கு?” என்றாள். உன்னிடமே சீனி வாங்கி உன்னிடமே நீட்டிய கதையை அவளுக்குச் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாதாம். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். “பேரு வெட்டுனது தெரிஞ்சா என்னய ஏசியிருப்பால்லா சித்தி?” என்று கேட்டாள். “ஏசாம இருப்பாளா? ஒன்னய மட்டுமில்ல, என்னயும் சேத்து ஏசியிருப்பா” என்றேன். “அப்பம் அழிச்சிருங்க” என்றாள்.

தாராவியில் நீ வாங்கும் அதே பாத்திரக் கடைக்குப் போனேன். பாலிஷ் போடுகிறவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். சட்டியை வாங்கிப் படித்துவிட்டுத் தயங்கினார்.

“செத்தவுக பேருல்லா இது? அழிச்சா பாவம் வராதா?”

“அவளுக்குப் பிடிக்காது அண்ணாச்சி. நீங்க போடுங்க” என்றேன்.

சக்கரம் உன் பெயரைத் தொட்டபோது ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. பார்க்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னை இரண்டாம் தடவை அனுப்புகிற மாதிரி இருந்தது. கையில் வாங்கியபோது பெயர் இருந்த இடம் சுட்டுக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் மின்ன, அங்கே மட்டும் மங்கலாக ஒரு திட்டு.

வரும் வழியிலேயே ஏழாவது மாடியில் இறங்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். காலியாக. அவள் திருப்பிப் பார்த்தாள், திட்டைத் தடவினாள்.

“அதே சட்டிதான ஆன்ட்டி? பேர் எங்க? இது யாரோடது?”

“எனக்கென்ன தெரியும்? யாருதோ” என்றேன். முகத்தை மறைக்க எனக்கு இட்லி ஆவி இல்லை. மாடிப்படி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று மதியம் லிஃப்டில் நின்றிருந்தேன். எனக்குப் பெயர் தெரியாத ஒருத்தி ஏறினாள். கையில் ஒரு தூக்குச்சட்டி, மூடி ஓரத்தில் ஆவி. மங்கலான அந்தத் திட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மிளகு வாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவளுக்கும் இன்று சலிப்பு போலிருக்கிறது. அவள் இறங்கிப் போன பிறகு என் மாடி வந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அசதி போகவில்லை அக்கா. உன்னைப் போல எனக்கும் வந்துவிட்ட முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நாளைக்கும் தையல் இருக்கிறது. ஆனால் என் கையில் இப்போது சட்டி இல்லை. சக்கரத்தில் தேய்ந்துபோன உன் பெயர்தான் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை, பார்த்தாயா?