செருமலுக்குக் காரணம்

மங்கையின் ஐயாவுக்கு,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் உறியில் இருக்கின்றன. பிள்ளை பெற்ற தங்கையைப் பார்க்க அளவெட்டிக்குப் போகிறேன். செருமுகிற மங்கையைப் பச்சை உடம்புக்காரியிடம் கொண்டுபோக மனம் வரவில்லை. நீங்கள் தோட்டத்தால் வரும்வரை மாமி அவளோடு இருப்பார்.

நேற்று அவளை மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். உங்கள் புகையிலைக் குடிலின் புகைதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். மாமி நாவூறு, ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று. டாக்குத்தர் தொண்டை, மூக்கு, காது எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லையாம்.

"வீட்டிலை வேறை ஆரும் இப்பிடிச் செருமிறவையோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் மங்கை சொல்லிவிட்டாள்: "ஓம். ஐயா செருமினால் அம்மா தண்ணி குடுப்பா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்கள் தமக்கையை எதிர்த்து நான் வாய்காட்டிய நாளிலிருந்து இருபது நாளாக நீங்கள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. தண்ணீருக்கு ஒரு செருமல், சோற்றுக்கு இரண்டு. நானும் பேசாமல் கொண்டுவந்து வைத்தேன். அது என் பிழை. களைத்துப்போனேன்.

அவள் எழும்பிச் செருமினால் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். "என்ன வேணும், பிள்ளை?" என்று கேளுங்கள். அவள் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

சிவபாக்கியம்

குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை மாமியிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னுமொன்று. பொழுதுபட வந்து படலையில் நின்று உங்களைக் கூப்பிடுவேன். செருமாமல் ஒருமுறை "ஓம்" என்று சொல்லுங்கள். அவள் கேட்கட்டும். நானும்.