ம்ம் என்று சொல்ல ஆள் வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

குழுவிலிருந்து மெயில். பயனர் பிரதிநிதி இருக்கையை வணிகர் இருக்கையோடு சேர்த்துவிடலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறார்களாம். சேர்ப்பதாவது! என்னை எழுப்பிவிட்டு ஒரு கம்பெனிக்காரரை உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். இணைய விதிகளை எழுதுகிற குழுவில் சாதாரண ஜனங்களுக்கென்று இருப்பதே இந்த ஒரு நாற்காலி.

போன வருஷம், இணைப்பைத் துண்டித்தால் மெயிலில் தெரிவிப்போம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். நெட்டே இல்லாதவர் மெயிலை எங்கே போய்ப் படிப்பார் என்று கேட்டேன். விதி மாறியது. அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

மார்ச் 6

இங்கே கை தூக்கி ஓட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. தலைவர் கேட்பார், ஒத்துக்கொள்பவர்கள் வாயை மூடியபடி "ம்ம்ம்" என்று முனக வேண்டும், அப்புறம் ஒத்துக்கொள்ளாதவர்கள். எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் முடிவு. யார் முனகினார்கள் என்று தெரியாது, அதனால் பயமில்லாமல் சொல்லலாமாம். அரங்கில் இருக்கிற யார் வேண்டுமானாலும் முனகலாம். ஆனால் கூட்டம் நடப்பது வேலை நாளில், காலை நேரத்தில், பெரிய ஹோட்டலில். கம்பெனிகள் வரிசையாக ஆள் அனுப்பும். நான் ஒருத்தி முனகி யார் காதில் விழப்போகிறது?

"வீட்ல போடற சத்தத்துல பாதி போடு, போதும்" என்கிறார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

ஆள் வேண்டும் என்று யோசித்ததுமே மனசு நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டது. நான் நடத்திய கடை. நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. கடை திறந்ததும் மவுஸைக் கவிழ்த்து உருண்டையை எடுத்துத் துடைப்பேன். மோடம் கீச்சுகீச்சென்று கத்தும். இணைப்பு கிடைத்துவிட்டால் காத்திருந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே!

லாரி ஓட்டுகிற அண்ணன் வெளிநாட்டில் இருந்த மகளுக்குச் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். "அப்பா நல்லா இருக்கேன்னு போடும்மா. இருமல்னு போட்டுராத." கணக்கு டீச்சர் வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துத்தான் படிப்பார், திரையில் படித்தால் படித்த மாதிரியே இல்லையாம். ஒருத்தருக்கு நல்ல சேதி வந்தால் நாலு தடுப்பிலிருந்தும் தலை நீளும். எத்தனை சந்தோஷமாக இருந்தேன் அங்கே. இப்போது எல்லார் கையிலும் போன் — யாருக்கு என்ன சேதி என்று யாருக்குத் தெரிகிறது?

அவர்களையே கூப்பிட்டால் என்ன?

மார்ச் 13

டீச்சர் வருகிறார். கடைக்கு வந்துபோன இன்னும் பலர் வருகிறார்கள். அண்ணனும் வருகிறார்: "முனகணுமா? முட்டிவலில தினம் அதைத்தானேம்மா பண்றேன்!"

மார்ச் 20, வியாழன்

ஐயோ, இன்றைக்கு நடந்த கூத்தை எப்படி எழுதுவேன்.

வந்துவிட்டார்கள், பின்வரிசை நிறைய. தலைவர் வாசித்தார்: "அமைப்புசார் ஒருங்கிணைப்பு முன்மொழிவுக்கு இசைவு தெரிவிப்போர்..." அதாவது, என் நாற்காலியை எடுத்துவிடலாம் என்பவர்கள். கம்பெனிக்காரர்கள் முனகினார்கள். நம்ம ஆட்களும் "ம்ம்ம்ம்"! அடப்பாவிங்களா, இதுக்கு இல்ல! உயிரே போச்சு எனக்கு. திரும்பிக் கையைக் கையை ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து அண்ணன் இன்னும் பலமாக.

அடுத்து, இசைவில்லாதோர். அதற்கும் முனகினார்கள். இதற்குள் தொண்டை நன்றாகத் திறந்துவிட்டது போல, கூரையே அதிர்ந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எது கூடுதல்னு சொல்ல முடியல. உடன்பாடு இல்லாம எதையும் மாத்த முடியாது. இருக்கை இருக்கட்டும்."

வெளியே வந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டேன், அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. "என்ன டீச்சர் இது, ரெண்டுக்கும்?"

"அவர் கேட்டது ஒண்ணும் புரியலடி. அதுக்காக வாயை மூடிட்டா இருக்க முடியும்?"

வாயை மூடிக்கொண்டுதான் முனகினார் என்று சொல்ல நினைத்தேன்.

மார்ச் 21

ஜெயித்தேனா? தெரியவில்லை. நாற்காலி இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே போனால் பின்வரிசையில் அண்ணன், டீச்சர், அவர்களோடு எனக்கு முகமே தெரியாத சிலர்.

தலைவர் முதல் கேள்வியை வாசித்தார். டீச்சர் எழுந்து நின்றார். "புரியலைங்க. திரும்பச் சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னும் புரியல."

கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார் தலைவர். அதற்கப்புறம்தான் டீச்சர் உட்கார்ந்தார்.