ஒரு முனை மட்டும் கட்டிய சங்கிலி

இன்று காலை ஆய்வகத்தின் பழைய அலமாரியைத் திறந்தேன். கந்தகமும் வெந்த ரப்பரும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ரப்பர் பட்டைகள் வைத்த ஒரு பழுப்பு உறை. அதன்மேல் உன் கையெழுத்தில், ‘நசீமா, தொடாதே.’ நீ போய் ஒரு வருடமாகிறது. உறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ மரக்காணம், நான் கிளியனூர். சென்னையில் ஒரே விடுதி அறை, ஒரே ஆய்வு. ரப்பரை இழுத்துப் பிடித்தே வைத்திருந்தால் அதன் இழுவிசை மெல்ல மெல்லக் குறைகிறதே, ஏன்? நான் கருவியில் அளப்பேன். நீ தாளில் சமன்பாடு போடுவாய்.

உன் வீட்டுக்குப் போன ஒரு சனிக்கிழமை நினைவிருக்கிறதா? பேருந்தில் மூச்சுவிட இடமில்லை. என் துப்பட்டாவின் நுனி கூட்டத்துக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டது. நான் பக்கவாட்டில் இழுக்க இழுக்க, நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“அப்படி வராதுடி. நாலு பேருக்கு நடுவுல பூந்து போயிருக்குது. போன வழியிலயே திரும்பினாத்தான் உண்டு. என் சங்கிலியும் இதேதான்.”

ரப்பருக்குள் நீண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். கந்தகம் அவற்றை ஆங்காங்கே முடிச்சிட்டு வலையாக்குகிறது. சில சங்கிலிகளுக்கு மட்டும் ஒரு முனைதான் கட்டு. மறுமுனை பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே சிக்கிக் கிடக்கும். அது பின்வாங்கி வெளியே வந்து தளர்வதற்குள் நாட்கணக்காகிவிடும். நீளமான சங்கிலி என்றால் இன்னும் பல மடங்கு. ரப்பர் முழுதாக அடங்க அத்தனை காலம் பிடிப்பது அதனால்தான் என்பது உன் கோட்பாடு.

எனக்கு அவசரம். மூன்றாம் நாளே வரைபடத்தின் கோடு படுத்துவிட்டதுபோல் தெரிந்தது. “இன்னும் இறங்கும்டி, விட்டு வையேன்” என்று நீ கெஞ்சியும் கருவியை நிறுத்தினேன். துறைக் கருத்தரங்கில் அந்த வரைபடத்தைக் காட்டி, ரப்பர் அடங்கிவிட்டது, ஒற்றை முனைச் சங்கிலிகளுக்கு இங்கே வேலையில்லை என்று சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து நீ எழுந்தாய்.

“எத்தனை நாள் விட்டீங்க?”

நீ என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான். “போதுமான நாள்” என்றேன். யாரோ சிரித்தார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய். அடுத்த மாதம் உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது கருவியில் ஒரு பட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு நிற்கவேயில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. உன் சமன்பாட்டை அதன்மேல் வரைந்தேன். இம்மி விலகாமல் பொருந்தியது. சந்தோஷம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது.

தாளைச் சுருட்டிக்கொண்டு மரக்காணத்துக்குப் பேருந்து ஏறினேன். உப்பளத்தில் புதுப் பருவத்துக்காகப் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தேறி வேலைக்குத் திரும்பியிருந்த அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்த நீ, வரப்பிலேயே தாளை விரித்து, கோட்டின் வாலை விரலால் தடவிப் பார்த்தாய்.

“தப்பு என்னுதுடி” என்றேன்.

“தெரியும்.” தாளைச் சுருட்டி என்னிடம் நீட்டினாய். “நாலு பேர் முன்னால சொன்னே இல்ல? அதே நாலு பேர் முன்னால இதையும் சொல்லு. நான் வர்றேன்.”

சொன்னேன். அதே அறை, அதே கடைசி வரிசையில் நீ. நான் அவசரப்பட்டேன், அவள் சொன்னதுதான் சரி என்று சொல்லி முடித்தபோது நீ முன்னால் வந்து சுண்ணாம்புக் கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். அன்றைக்குத் தொடங்கியதை ஆய்வேடாக முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாய். அதன்பின் இத்தனை வருடமும் என் ஒவ்வொரு அளவையும் முதலில் பார்த்தது நீதான், மருத்துவமனைக் கட்டிலிலும்கூட.

போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டிருப்பா. நசீமா அளந்தா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்மான்னு சொல்லுவா.”

நான் உன்னைத் தலைகுனிய வைத்த கதையை அம்மாவிடம் நீ சொல்லவேயில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நானே சொன்னேன், ஒன்றுவிடாமல். அம்மா முழுக்கக் கேட்டார்.

“அதுக்கப்புறமும்தானே அவ அப்படிச் சொன்னா?” என்றார். “டீய குடி, ஆறிடப்போவுது.”

மறுநாள் கருவியில் புதிதாக ஒரு பட்டையை மாட்டினேன். அளவுப் புத்தகத்தில் தொடங்கிய தேதியை எழுதினேன். முடியும் தேதிக்கான கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.